அந்த 26 சென்டிமீட்டர் எங்கே போகிறது?

ஒரு செய்தித்தாளை வட்டமாக வெட்டி, ஒரு பந்தின் மேல் போர்த்தி, கையால் நீவிப் பாருங்கள். நடுப்பகுதி பந்தோடு ஒட்டிக்கொள்ளும், ஓரம் மட்டும் ஒட்டாது, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். ஒரு மடிப்பை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். தட்டையான தகட்டிலிருந்து கிண்ணம், குடம், மூடி, கூம்பு எது செய்தாலும் அடிப்படைச் சிக்கல் இந்தக் கொசுவம்தான். அதைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, ஒரு கம்பியால் அழுத்தியே தீர்க்கிற வேலைக்குப் பட்டறையில் ஸ்பின்னிங் என்று பெயர். மலையிறங்கி கோயம்புத்தூர்ப் பக்கம் போய் ஸ்பின்னிங் என்று சொன்னால் நூல் மில் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் நான் தகடு ஸ்பின்னிங் என்றே சொல்வது. குன்னூரில் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்ன பட்டறையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். இன்னும் செய்கிறேன். வந்து நின்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தகடு எப்படி மடியாமல் உள்ளே போகிறது? அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. வாய் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள, சரி பாதிப் பந்து போன்ற கிண்ணம் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் கனம் மாறக்கூடாது என்றால் கிண்ணத்தின் பரப்பும் தகட்டின் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தின் பரப்பு 628 சதுர சென்டிமீட்டர். அதே பரப்புள்ள வட்டத் தகட்டுக்கு விட்டம் 28.3 சென்டிமீட்டர் வரும். அந்தத் தகட்டின் சுற்றளவு ஏறக்குறைய 89 சென்டிமீட்டர், கிண்ண வாயின் சுற்றளவோ 63 சென்டிமீட்டர்தான். அப்படியானால் விளிம்பில் 26 சென்டிமீட்டர் அதிகப்படியாக இருக்கிறது, அது எங்காவது போயாக வேண்டும். காகிதத்தில் அது கொசுவமாகப் போனது. தகட்டில் எங்கே போகிறது?

இன்னொரு அளவையும் பாருங்கள். தகட்டில் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புக்குத் தூரம் 14.1 சென்டிமீட்டர். கிண்ணத்தில் அடிப்புள்ளியிலிருந்து வாய் வரை வளைவோடு நூல் பிடித்து அளந்தால் 15.7. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது! சுற்றில் குறைந்தது உயரத்தில் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். உலோகம் காகிதம் இல்லை, அது ரொம்ப இறுக்கமான மாவு. சுற்று வாக்கில் நெருக்கினால் நீள வாக்கில் ஓடும், ஆனால் ஓடுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும், ஓடும்போது புடைத்து எழாதபடி பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இந்த வேலையில் இருக்கிற ஒவ்வொரு தந்திரமும், வேகம், சோப்பு, நெருப்பு, மரக்கட்டை எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான் இருக்கின்றன.

கையால் தட்டி உருவாக்குகிற கன்னார்களும் இதையேதான் செய்தார்கள். சுத்தியலால் வட்டம் வட்டமாக ஆயிரக்கணக்கில் அடித்து, ஒவ்வொரு அடியிலும் துளித்துளியாக அந்த அதிகப்படியை உயரத்துக்கு நகர்த்துவார்கள். பிரஸ்ஸில் அடிக்கிறவர்கள் ஒரே அமுக்கில் முடிக்கிறார்கள், அதற்கு ஆண் அச்சு, பெண் அச்சு, தகட்டின் ஓரத்தை மடியாமல் பிடிக்கிற வளையம் எல்லாம் எஃகில் செய்தாக வேண்டும். ஸ்பின்னிங் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடி மாதிரி துளித்துளியாகத்தான் நகர்த்துகிறோம், ஆனால் தகடு நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுவதால் அந்தத் துளிகள் ஒரே கோடாகச் சேர்ந்துவிடுகின்றன.

எந்திரம் சாதாரண கடைசல்தான், கொஞ்சம் பலமான படுக்கையோடு. சுழல்கிற தலையில் கிண்ணத்தின் உட்புற வடிவத்தில் ஒரு அச்சு மாட்டியிருக்கும். அதன் மூக்கில் தகட்டை வைத்து, எதிர்ப்பக்கமிருந்து டெயில் ஸ்டாக்கை, அதாவது படுக்கையில் நகர்கிற தாங்கியை, கொண்டுவந்து ஒரு வட்டக் கட்டையால் இறுக்க வேண்டும். தகட்டில் ஓட்டை போடுவதில்லை, ஆணி அடிப்பதில்லை, அந்த இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம். முன்னால் ஒரு குறுக்குச் சட்டம், அதில் வரிசையாகத் துளைகள், ஏதாவது ஒரு துளையில் செருகிய இரும்பு முளை. கையில் பிடிக்கிற கோல் மரப்பிடியோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளம் இருக்கும், நுனி உருண்டையாகக் கண்ணாடி போல் மெருகேற்றியிருக்கும். கோலின் நடுவை முளையில் சாய்த்து, பிடியை அக்குளில் கவ்விக்கொண்டு, நுனியைத் தகட்டில் வைத்து அழுத்துகிறோம். நெம்புகோல்தான் இது. முளைக்கு அந்தப்பக்கம் சின்ன நீளம், இந்தப்பக்கம் பெரிய நீளம் என்பதால் உடம்பின் சாய்வு பல மடங்காகி நுனிக்குப் போகிறது. கை பலத்தால் இந்த வேலையைச் செய்கிறவர் ஒரு வாரத்தில் தோள் வலி என்று விட்டுவிட்டுப் போய்விடுவார். இடுப்பிலிருந்து ஆட வேண்டும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல், ஒல்லியான ஆள், ஆனால் 16 கேஜ் தாமிரத் தகட்டை, அதாவது 1.6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தை, பேசிக்கொண்டே இறக்குவார்.

ஒரு தகட்டின் மூன்று நிமிடத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். 18 கேஜ் அலுமினிய சர்க்கிள், அதாவது வட்டமாக வெட்டிய தகடு, 1.2 மில்லிமீட்டர் கனம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் தகட்டின் ஓரம் கண்ணுக்கு மங்கி, நடுவில் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சோப்புக் கட்டியை அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்து எல்லா இடத்திலும் பூசுகிறோம். முதல் அழுத்து நடுக்கட்டைக்கு ஒட்டினாற்போல, தகட்டை அச்சின் மூக்கில் கொஞ்சம் மடக்கிப் பூட்டுகிறது. இது நடக்காதவரை தகடு எப்போது வேண்டுமானாலும் பறக்கலாம், இது நடந்த பிறகு அது அச்சைக் கவ்விக்கொள்ளும். அப்புறம்தான் நீளமான இழுப்புகள் ஆரம்பிக்கின்றன. நுனி உள்ளேயிருந்து விளிம்பை நோக்கி ஒரு வளைவில் போகும், தகடு உடனே அச்சில் போய் ஒட்டாது, நாதஸ்வரத்தின் அணசு போல விரிந்த ஒரு இடைநிலை வடிவத்துக்கு வரும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அடிக்கிற முதல் தவறு இங்கேதான், அவசரப்பட்டு நேராக அச்சின் மேல் அமுக்குவார்கள். அப்படிச் செய்தால் அதிகப்படிச் சுற்றளவுக்கு ஓட நேரம் கிடைக்காது, அடியில் தகடு மெலிந்து கழுத்து அறுந்த மாதிரி சுற்றிக் கிழிந்துவிடும். ‘தம்பி, அமுக்காதே, தடவு’ என்று மேஸ்திரி எனக்கு எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கே இல்லை.

இழுப்பு எப்போதும் வெளியே போவதாக மட்டும் இருக்கக்கூடாது. வெளிநோக்கி இழுத்தால் உலோகம் விளிம்புக்குத் தள்ளப்பட்டு சுவர் மெலியும், அதனால் இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை விளிம்பிலிருந்து உள்நோக்கித் திரும்பி வர வேண்டும், போனதைக் கூட்டிக்கொண்டு வருவது போல. இந்தத் திரும்பி வருகிற இழுப்புதான் நல்ல வேலைக்காரரை அடையாளம் காட்டும் என்பது என் எண்ணம். கனத்தைக் காப்பாற்றுவது அதுதான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது சும்மா கையை ஆட்டுவதாகத் தெரியும்.

விளிம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொசுவம் முதலில் விழுவது அங்கேதான். தட்டையாக விறைத்து நிற்கிற விளிம்பு மடிவதில்லை, தொய்ந்து அலைகிற விளிம்புதான் மடியும், ஆகவே கடைசி வரை விளிம்பில் ஒரு பட்டையை நிமிர்ந்தே வைத்திருப்போம். அது தொய்யத் தொடங்கும்போது முதலில் சத்தம் மாறும். சீராக ‘ஸ்ஸ்’ என்று வந்துகொண்டிருந்தது ‘தடதட’ என்று லேசாக ஆரம்பிக்கும், கண்ணுக்கு மடிப்பு தெரிவதற்கு ஒரு நொடி முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அந்த நொடியில் இடது கையில் இருக்கிற மரத்தடியைத் தகட்டின் முதுகுப்பக்கம் கொடுத்து, முன்னால் கோலும் பின்னால் தடியுமாக விளிம்பைக் கவ்விப் பிடித்து வெளியே இழுத்துத் தட்டையாக்க வேண்டும். சின்ன அலைதான் என்றால் போய்விடும். ஒரு மடிப்பு முழுதாகச் சாய்ந்து படிந்துவிட்டால் அதை எடுக்க முடியாது, மேலே கோலை ஓட்டினால் அந்த இடம் வெடிக்கும்.

800 சுற்று என்று சொன்னேனே, 28.3 சென்டிமீட்டர் தகட்டின் விளிம்பு அந்தச் சுழற்சியில் மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தில் ஏறி வருகிற நம் மலை ரயில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான், அதைவிட நாலு மடங்கு வேகத்தில் ஒரு கத்தி விளிம்பு முகத்துக்கு முன்னால் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடவே கூடாது, துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தகட்டின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. பார்க்க வருகிற குழந்தைகளை நான் தலைப்பக்கத்தில், எந்திரத்துக்குப் பின்னால்தான் நிறுத்துவேன். பெரிய தகடு, கனமான தகடு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ரொம்பவும் குறைத்தாலும் விளிம்பு மடியும், ஏனென்றால் கோல் ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு மறுபடி அந்த இடத்துக்கு வருவதற்குள் தூரமாக நகர்ந்திருக்கும்.

இப்போது மலைக்கு மட்டுமே உரிய இரண்டு தொல்லைகள். சமவெளியில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு இவை அவ்வளவாகத் தெரியாது.

ஒன்று குளிர். உலோகத்துக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் வழுக்கலுக்காகப் பூசுகிற கொழுப்புக்கும் மெழுகுக்கும் அது பெரிய விஷயம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது ஊட்டியில் தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லாருக்கும் தெரியும், வெந்நீரில் பாட்டிலை வைத்துத்தான் எடுப்போம். அதே கதிதான் பட்டறை டப்பாவுக்கும். மார்கழிக் காலையில் கொழுப்பு கட்டியாக இருந்தால் தகட்டில் பரவாது, திட்டுத்திட்டாக நிற்கும். திட்டு இல்லாத இடத்தில் அலுமினியம் நேராகக் கோலின் எஃகு நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின பொட்டு அடுத்த சுற்றிலேயே தகட்டைக் கீறும், கீறல் வளையம் வளையமாக ஆழமாகும். அதனால் நாங்கள் டப்பாவை வெந்நீரில் வைத்துவிட்டுத்தான் முதல் தகட்டை ஏற்றுவது. சலவை சோப்புக் கட்டி இந்த விஷயத்தில் ரொம்ப நல்லது, குளிரில் அவ்வளவு மாறாது. இரும்புத் தகட்டுக்கு எஃகு நுனியே ஆகாது, வெண்கல நுனி வேண்டும். ஒரே ஜாதி உலோகங்கள் உரசினால் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது ஈரம். நாலைந்து உருப்படிக்காக எஃகில் அச்சு கடைய யாருக்கும் கட்டுப்படியாகாது, மரத்தில்தான் கடைகிறோம். நம்மைச் சுற்றி மரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும், சில்வர் ஓக் மெது. கோலின் அழுத்தத்துக்குத் தாங்குகிற, இழை நெருக்கமான கட்டை வேண்டும், அதனால் புளியங்கட்டைக்கு மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. சரி, வந்து காய்ந்த கட்டையில் கடைந்தாயிற்று. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. மரம் ஈரம் குடித்து உப்பும். இழையின் நீள வாக்கில் கிட்டத்தட்ட உப்பாது, குறுக்கு வாக்கில்தான் உப்பும். அதிலும் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பும். அதனால் வட்டமாகக் கடைந்த அச்சு மழை முடியும்போது மிக லேசாக முட்டை வடிவமாகியிருக்கும். கையில் தடவினால் தெரியாது. 800 சுற்றில் ஓடும்போது கோல் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை துள்ளும், தகட்டில் அது அலையாக விழும். மழைக்கு அப்புறம் பழைய அச்சை ஏற்றும்போதெல்லாம் ஒரு முடியளவு மறுபடி கடைந்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

நெருப்புக்கு வருவோம். நெருக்க நெருக்க உலோகம் இறுகும். காகித கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்தால் இரண்டாவது வளைப்பு முதல் வளைப்பைவிடக் கடினமாக இருக்கும், கடைசியில் ஒடியும், அதே விஷயம்தான். ஆழமான உருப்படி என்றால் பாதியில் கழற்றி, சூடேற்றி, மிருதுவாக்கிவிட்டுத்தான் மீதியை இறக்க முடியும். தாமிரத்தை மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும், அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது என்பதால் கதவைச் சாத்தி இருட்டில்தான் காய்ச்சுவோம். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும், தாமிரமோ தண்ணீரில் போட்டாலும் மிருதுவாகத்தான் இருக்கும், கொல்லுப் பட்டறையில் பழகி வந்தவர்களுக்கு இது முதலில் நம்பவே முடியாது. அலுமினியம் இன்னும் வம்பு. 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அதற்கு முன்னால் சிவக்கவே சிவக்காது, அப்படியே இருந்து திடீரென்று தொய்ந்து கீழே விழும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. தகட்டில் சலவை சோப்பைத் தேய்த்துவிட்டுப் பின்பக்கமிருந்து சூடு காட்டுங்கள். சோப்பு பழுப்பாகி, கறுக்கிற நேரத்தில் நெருப்பை எடுத்துவிட வேண்டும், தகடு பதமாகியிருக்கும். வெப்பமானி வைத்திருக்கிறவர்கள்கூட இதைத்தான் நம்புகிறார்கள்.

கூரைக்குப் போடுகிற அலுமினியத் தகட்டில் வட்டம் வெட்டிக்கொண்டு வந்து ‘இதில் செய்து கொடுங்கள்’ என்று கேட்கிறவர்கள் உண்டு. அது விறைப்பாக இருக்கவேண்டும் என்றே உருட்டி இறுக்கிய தகடு, அப்படியே ஏற்றினால் விளிம்பு கிழியும். பாத்திரத்துக்கென்று வருகிற மெது சர்க்கிள் வாங்கி வாருங்கள். எவர்சில்வர் ரொம்ப வேகமாக இறுகும், அதைக் கைக்கோலால் தள்ளுவது கஷ்டம், உருளை நுனியும் இரட்டை நெம்புகோலும் வேண்டும், பெரிய ஆலைகளில் கணினி சொல்லச் சொல்ல ஹைட்ராலிக் கை தள்ளுகிறது. நான் எவர்சில்வர் எடுப்பதில்லை.

இதே எந்திரத்தில் வேறொரு முறையும் இருக்கிறது, அதையும் சொன்னால்தான் 26 சென்டிமீட்டர் கதை முழுமையாகும். கூம்பு செய்யும்போது, கூம்பின் வாய் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் தகட்டை எடுத்துக்கொண்டு, உருளையை ஒரே ஒரு முறை பலமாக அச்சோடு ஓட்டிவிடலாம். தகட்டின் ஒவ்வொரு வளையமும் இருந்த சுற்றளவிலேயே இருந்துகொண்டு நடு அச்சின், அதாவது சுழற்சியின் மையக் கோட்டின், திசையில் மட்டும் சறுக்கி இறங்கும். சுற்றளவு சுருங்க வேண்டியதே இல்லை, கொசுவம் என்ற பேச்சே இல்லை! ஆனால் அதற்கு விலை கனம். கூம்பின் பக்கம் நடு அச்சோடு எவ்வளவு கோணத்தில் இருக்கிறதோ அதன் சைன் மதிப்பால் பழைய கனத்தைப் பெருக்கினால் புதிய கனம். கோணம் 30 டிகிரி என்றால் 2 மில்லிமீட்டர் தகடு 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். ராக்கெட்டின் மூக்குக் கூம்பு போன்றவை இந்த வகையில் செய்யப்படுகின்றன. அரைக்கோளத்துக்கு இது கடைசி வரை ஒத்துவராது, வாய்க்குக் கிட்டே சுவர் நடு அச்சுக்கு இணையாகிவிடுகிறது, கோணம் பூஜ்யம், கனமும் பூஜ்யம் என்று கணக்கு வந்து நிற்கும். ஆக, சுற்றளவில் சுருக்கிக் கனத்தைக் காப்பாற்றுவதா, கனத்தை விட்டுக்கொடுத்துச் சுற்றளவைக் காப்பாற்றுவதா என்பதுதான் இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம்.

தொட்டபெட்டா ஏறும்போது கோபுரங்களில் மத்தளம் போல மாட்டியிருக்கிற வட்ட ஆன்டெனாக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகை ஆன்டெனாக்களுக்குள் இருக்கிற குழிந்த அலுமினியத் தட்டுகள் பெரும்பாலும் ஸ்பின்னிங்கில் உருவாகிறவை. அதைச் சொன்னால் உடனே ‘ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிற பெரிய ரேடியோ தொலைநோக்கியும் இப்படித்தானா?’ என்று கேட்பார்கள். இல்லை, காரணமும் அழகானது. 1970-இல் வேலை செய்யத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவோடு படுத்திருக்கிற அது கிண்ணம் அல்ல, நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி ஒரு பக்கம் மட்டும் வளைந்தது. ஒரு காகிதத்தை அப்படிச் சுருட்டினால் ஒரு மடிப்பும் விழாது, முயன்று பாருங்கள். ஒரே திசையில் வளைகிற பரப்புக்குள் எந்த இடமும் சுருங்கவோ நீளவோ வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே தகடே இல்லாமல், நீளவாக்கில் நேராக இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகளாலேயே பரப்பை அமைக்க முடிந்தது. இரண்டு திசையிலும் வளைந்தால்தான் 26 சென்டிமீட்டர் பிரச்சினை வருகிறது.

இந்த வேலைக்கு ஒரு மலை ஊரில் என்ன தேவை இருக்கப்போகிறது என்று கேட்கலாம். ஆயிரம் உருப்படி வேண்டுமென்றால் பிரஸ்ஸுக்குப் போய்விடுவார்கள், அதுதான் மலிவு. இங்கே வருவது ஒன்றிரண்டு உருப்படிகள். பழைய பங்களாவின் புகைபோக்கிக்கு மழை மூடி, தைலம் காய்ச்சுகிறவருக்குக் கொதிகலனின் குவிந்த மேல்மூடி, கோயில் கலசத்தின் தாமிரப் பகுதிகள், திருவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற குழாய் ஸ்பீக்கரில் நசுங்கிய வாய். அந்தக் குழாய் ஸ்பீக்கரின் உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், இசைத்தட்டுப் பள்ளம் மாதிரி வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது கோல் ஓடிய தடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கொஞ்சம் தாமிரமும் கலந்த பிரிட்டானியா உலோகத்தில் டீ பாட்களை இப்படித்தான் சுழற்றிச் செய்தார்கள். குறுகிய கழுத்துள்ள பாத்திரத்துக்கு அச்சை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டால், அச்சைப் பலாச்சுளை மாதிரி துண்டு துண்டாகச் செய்து நடுத்தண்டை முதலில் உருவிவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக வாய் வழியே எடுப்பார்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு நல்ல உருப்படியை இழக்க வேண்டியிருந்தது.

சில வருடத்துக்கு முன் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவுக்குப் பித்தளையில் விளக்கு மூடி ஒன்று செய்து கொடுத்தேன், மணி மாதிரி வடிவம், வாய் 30 சென்டிமீட்டர். 70 பங்கு தாமிரம் 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை, தகடாக இழுபடுவதில் அதைப்போல நல்ல பித்தளை இல்லை. மெருகு ஏற்றி, கண்ணாடி மாதிரி கொடுத்தேன். பங்களாவில் வேறு வேலை நடந்துகொண்டிருந்ததால் அதை மாட்டாமல் உரக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் மாட்டுக்கொட்டில். மழையெல்லாம் முடிந்து தை மாதம் எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து மேல்நோக்கி நான்கு இடத்தில் நேர்கோடாக விரிசல். யாரும் தொடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. தகடு மட்டம் என்று அவர்கள் சொன்னார்கள், யாரோ கீழே போட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். இரண்டும் இல்லை.

நாம் நெருக்கித் தள்ளிய அதிகப்படி உயரத்தில் நீண்டது உண்மைதான், ஆனால் அந்தத் தள்ளலின் மிச்சம் உலோகத்துக்குள் இழுவிசையாகத் தங்கியிருக்கிறது, முக்கியமாக விளிம்பை ஒட்டி. சாதாரணமாக அது ஒன்றும் செய்யாது. அம்மோனியா பட்டால் கதை மாறும். ஈரத்தோடு அம்மோனியா சேரும்போது பித்தளையின் படிகங்களுக்கு இடையே அரிக்கும், உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிற விசை அந்த அரிப்பைப் பிளந்து விரிசலாக்கும். யூரியா ஈரத்தில் சிதைந்தால் அம்மோனியா வரும், மாட்டுச் சிறுநீரிலும் அதுதான் வருகிறது, கார்த்திகை மழையில் ஈரத்துக்குக் குறைவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இதே விஷயம் இந்தியாவில்தான் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தானாகவே வெடித்துப் பிளந்தன. காலத்தோடு ஒட்டி வந்ததால் பருவ வெடிப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. தோட்டாக் கூடும் தட்டையான பித்தளை வட்டத்தை ஆழமாக இழுத்துச் செய்வதுதான், அதே 70-30 பித்தளை, அதே 26 சென்டிமீட்டர் கணக்கு சின்ன அளவில்.

பரிகாரம் எளிது. வேலை முடிந்ததும் பித்தளையைச் சுமார் 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் உள்ளே இருக்கிற இழுவிசை தளர்ந்துவிடும். பதமாக்குகிற சூட்டைவிட இது ரொம்பக் குறைவு என்பதால் விறைப்பு போகாது, வடிவமும் மாறாது. என்னிடம் அப்படி ஒரு அடுப்பு இல்லை. பக்கத்துத் தெருவில் வர்க்கி போடுகிற பேக்கரிக்காரர் ராத்திரி வேலை முடிந்த பிறகு, சூடு இறங்குகிற நேரத்தில் விடுகிறார், நான் வெப்பமானியோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன். சோப்பு, கொழுப்பு ஒரு பொட்டு இல்லாமல் கழுவிவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். காற்றோடு படுகிற இடம் கொஞ்சம் கறுக்கும், வெளியே எடுத்து மறுபடி மெருகு போட்டால் போய்விடும். அந்த எஸ்டேட்டுக்கு இரண்டாவது மூடியை என் செலவில் அப்படித்தான் செய்து கொடுத்தேன். இப்போது பங்களாவின் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது, மூன்று மழை பார்த்துவிட்டது, போன மாதம் ஸ்டூல் போட்டு ஏறி, விளிம்பு முழுக்க லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை.